பத்தொன்பதில் பதினொன்று

இன்டர்நெட் எப்படிப் பிறந்தது என்ற கதையைப் பாக்கெட் அண்ணாச்சியிடம் கேட்காத தமிழன் ஷார்ஜா ரோலாவில் கிடையாது. கேட்க ஆரம்பித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் தப்பித்தவனும் கிடையாது. வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டாம், லிஃப்டில் பக்கத்தில் நின்றாலே போதும். ஆறாவது மாடி வருவதற்குள் அமெரிக்காவில் நாலு கம்ப்யூட்டர்களை இணைத்து முடித்திருப்பார். நம் மாடி மூன்றாவது என்றாலும் ஆறாவது வரை போய்த்தான் இறங்க வேண்டும்.

திசையன்விளைப் பக்கத்து ஆள். வேலை, கட்டடங்களின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வயிற்றால் ஊர்ந்துபோய் நெட்வொர்க் கேபிள் இழுப்பது. "நான் இழுத்த கம்பியிலதாம் வே இந்த ஷார்ஜாவே படம் பாக்கு" என்பார். ஆறு பேர் படுக்கும் எங்கள் அறையில் கதவோரக் கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. நான் அறந்தாங்கிக்காரன். ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் சைட் ஆபீஸில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வருகிற காகிதத்தில் எல்லாம் 'ரிசீவ்ட்' என்று சீல் குத்தி ஃபைலில் போடுவதுதான் மொத்த உத்தியோகமும். அதனால் அண்ணாச்சி என்னை 'ஃபைலு' என்றே கூப்பிடுவார்.

காலையில் எங்களை எழுப்புவது அலாரம் இல்லை, அண்ணாச்சியின் தொண்டை. முதன்முதலில் டெலிபோன் வயர் வழியாக இன்டர்நெட் வந்த காலத்தில் மோடம் என்று ஒரு பெட்டி, இணைப்புக் கிடைக்கும்வரை கத்துமே, அந்தச் சத்தம். "கீ... ங்ங்... ட்டிங் ட்டிங்... கர்ர்ர்ர்ர்" என்று அரை நிமிடம், ஒரு சுருதி பிசகாமல் போடுவார். புதிதாக அறைக்கு வந்த ஒருவர் அண்ணாச்சிக்கு வலிப்பு என்று நினைத்து, கையில் சாவியைத் திணித்துவிட்டார்.

அவர் சொல்லும் வரலாறு வேறு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. "யுத்தம் வந்தா தாக்குப்பிடிக்கத்தானே இன்டர்நெட்டைக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்தப் பய சொன்னாம்? அப்படி யோசிச்சவனும் ஒருத்தன் உண்டு, இல்லைங்கல. ஆனா இவனுவ கட்டுனது எதுக்கு? அன்னைக்குக் கம்ப்யூட்டர்னா ஒரு ஹால் பூரா அடைச்சுக் கெடக்கும். ஆளுக்கொண்ணு வாங்கிக் கட்டுப்படியாகுமா? ஒருத்தன் மெஷினை இன்னொருத்தன் தூரத்துல இருந்து பொழங்கட்டும்னு கட்டுனது. நம்ம ரூம்ல ஒரு குக்கர், ஆறு பேரு. அதே சங்கதிதாம் வே."

அவருக்கு ரொம்பப் பிடித்தது அந்த முதல் செய்தியின் கதை. இங்கிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அங்கிருக்கும் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்று அடிக்க வேண்டும். "எல்லு அடிச்சான், போய்ச் சேர்ந்துட்டு. ஓ அடிச்சான், போய்ச் சேர்ந்துட்டு. ஜி அடிச்சான், அங்க மெஷின் படுத்துட்டு! உலகத்துக்கே இன்டர்நெட் சொன்ன முதல் சேதி ரெண்டே எழுத்து. அதுக்கு எவனாவது ஒப்பாரி வச்சானா? சரி பண்ணிட்டு மறுக்கா அடிச்சான்." இதைச் சொல்லும்போது கண் கலங்கும். சொந்தப் பிள்ளை முதன்முதலில் நடந்ததைக்கூட அவர் இத்தனை உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெறும் கதையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை எங்கள் மேல் அமல்படுத்தினார். அறையில் ஒரே குளியலறை. கீழக்கரை பஷீர் காக்கா, ரோலாவில் துணிக்கடை கவுன்ட்டரில் நிற்பவர், உள்ளே போனால் அரை மணி நேரம் வரமாட்டார். அண்ணாச்சி கூட்டம் போட்டார்.

"பழைய டெலிபோன்ல என்ன கோளாறு? ஒருத்தன் பேசிக்கிட்டு இருந்தா லைன் பூரா அவனுக்கே. பேசாம மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாலும் அவனுக்கே. காக்கா பாத்ரூம்ல செய்யுதது அதுதாம். இன்டர்நெட்டுல அந்தக் கதையே கெடையாது. சேதியைத் துண்டு துண்டா வெட்டு. உன் துண்டு ஒண்ணு, என் துண்டு ஒண்ணு, மாத்தி மாத்தி விடு. துண்டுக்குப் பேரு பாக்கெட்டு. நாளையில இருந்து ஆளுக்கு மூணு நிமிஷம். முடியலையா, வெளிய வா. அடுத்த ரவுண்டுல போ."

நான் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே நின்றேன். கண் எரிகிறது என்றால், "வரிசை வரும் வே, இரும்" என்கிறார். காக்கா ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்துக்கு முறை வருவதற்குள் டூட்டிக்கு நேரமாகி, அப்படியே கடைக்குப் போய்விட்டார். அவர் முதலாளி அரபி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "முஷ்கில்?" என்றாராம், ஏதும் பிரச்சினையா என்று. நாலாம் நாள் பாத்ரூம் பாக்கெட் கலாஸ், முடிந்தது கதை.

பட்டப்பெயர் ஒட்டியது அதனால் அல்ல. லீவில் ஊருக்குப் போகிறவனிடம் மற்றவர்கள் சாமான் கொடுத்துவிடுவது இங்கே ஊர் வழக்கம். எல்லாரும் ஒரு சாமானை ஒரு ஆளிடம் கொடுப்பார்கள். அண்ணாச்சி ஒரு சாமானைப் பல ஆளிடம் கொடுப்பார். ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து, இறக்கை ஒருவரிடம், கூண்டு ஒருவரிடம், மோட்டார் ஒருவரிடம். ஒருவர் திருச்சியில் இறங்குவார், ஒருவர் திருவனந்தபுரம், இன்னொருவர் மதுரை. ஒவ்வொரு துண்டிலும் சீட்டு ஒட்டியிருக்கும்: யாரிடமிருந்து, யாருக்கு, மூன்றில் இரண்டு. கொண்டுபோனவர் திசையன்விளை வீட்டுக்கு நேரில் போய் அண்ணாச்சியின் மனைவி வடிவிடம் கொடுத்து, அங்கிருந்தே போன் போட வேண்டும். வடிவக்கா "வந்துட்டு" என்று சொன்னால்தான் அண்ணாச்சி தன் நோட்டில் டிக் அடிப்பார். டிக் விழாவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்புவார். இன்டர்நெட் சட்டம் அப்படித்தானாம். ஒருமுறை ஒரு ஆள் போன் பண்ண மறந்துபோக, அடுத்த ஆளுக்குப் போன் கிடைக்காமல்போக, அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு குக்கருக்கு மூன்று மூடிகள் இருக்கின்றன.

"கார்கோவுல மொத்தமாப் போட்டா முடிஞ்சுதே அண்ணாச்சி?"

"கப்பல் ஒண்ணு, வழி ஒண்ணு. அது கவுந்தா? இப்ப ஒரு துண்டு போனா ஒரு துண்டுதான வே போகும்!"

இந்தச் சட்டத்தைக் காப்பாற்ற அவர் நாலு வருடமாக லீவே எடுக்கவில்லை. தானும் போய்விட்டால் இங்கிருந்து அனுப்புவது யார் என்பார்.

இப்படியிருக்கும்போதுதான் ஓவர்லாக் மெஷின் வந்தது. ரோலாவில் ஒரு தையல் கடையை மூடினார்கள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் அந்த மெஷின் அண்ணாச்சிக்குக் கிடைத்தது. வடிவக்கா ஊரில் நைட்டி தைக்கும் கடை ஒன்று போடுவதாக இருந்தார். தை பிறந்ததும் திறப்பு. தெருவில் நாலு பெண்கள் பீடி சுற்றுவதை விட்டுவிட்டு, அக்கா கடையில் வேலை என்று காத்திருந்தார்கள். அண்ணாச்சி மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மெஷினைப் பிரித்துப் பத்தொன்பது பாக்கெட் ஆக்கினார். இதெல்லாம் திருநெல்வேலியிலேயே கிடைக்குமே என்று சொன்னவனிடம் அவர் மூன்று நாள் பேசவில்லை. மெஷினின் பெரிய இரும்பு உடம்பைத் தூக்கிப் போன ஆள், பெட்டியில் எடை கூடிப்போனதால், தன் துணிகளையெல்லாம் மேலேயே போட்டுக்கொண்டார். ஐந்து சட்டைக்குள் அவர் விமானம் ஏறியதை நானே பார்த்தேன்.

எனக்கு வந்தது பதினொன்றாம் பாக்கெட். விரல் நீளத்தில் வளைந்த ஓர் எஃகுக் கொக்கி. லூப்பர் என்று பெயர். பார்க்க ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டால் நூல் பின்னாது, மெஷின் வெறும் இரும்பு.

"மத்தவனை எல்லாம் அவகிட்டப் பேசச் சொல்லுவேன். உம்மகிட்ட அதெல்லாம் வேண்டாம் வே. ரிசீவ்டு சீல் குத்துத கை. நீரு சேர்த்தேன்னு சொன்னா சேர்ந்த மாதிரிதாம்" என்று என் கையில் வைத்து மூடினார்.

நாற்பது நாள் லீவு எப்படிப் போகும் என்று லீவில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு காதுகுத்து, இரண்டு கல்யாணம், பேங்க், ரேஷன் கார்டு, மச்சினன் வீட்டு விருந்து. அறந்தாங்கியிலிருந்து திசையன்விளை ஒரு பகல் பஸ் பயணம். நாளை நாளை என்று தள்ளினேன். கடைசி வாரம், மச்சினன் வீட்டில் இலையில் கோழி விழுந்த நேரம் அண்ணாச்சி போன்.

"என்ன வே ஃபைலு, சேர்த்தீரா?"

"சேர்த்தாச்சு அண்ணாச்சி."

அவ்வளவுதான். நாக்கு அதுவாகவே சீல் குத்திவிட்டது. நாளைக் காலை கிளம்பிப் போய்க் கொடுத்துவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மச்சினன் பைக்கிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி, கட்டு, அலைச்சல் என்றே மிச்ச நாட்களும் ஓடிவிட்டன. சத்தியமாக மறந்தே போனேன்.

நான் ரோலாவுக்குத் திரும்பிய வாரம் அறையில் இடி இறங்கியது. அண்ணாச்சி எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"பதினொண்ணு வரல. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, இதுக்குள்ள ஒரு கொக்கி கொறையுதுன்னுட்டுப் போறாரு" என்றார் வடிவக்கா. "இந்த மாடலுக்கு இங்க எங்கயும் கெடைக்காதாம்."

"வந்துட்டு. நோட்டுல டிக் இருக்கு. வீட்டுலதாம் எங்கயோ வச்சுட்டு முழிக்குத. நல்லாத் தேடு."

"வந்திருந்தா எனக்குத் தெரியாதா? வந்தவுக பதினெட்டு பேரு. பதினெட்டு பேருக்கும் தோசை சுட்டுக் கொடுத்தேன். பத்தொம்பதாவது ஆளுக்கு நான் தோசை சுடல."

"அவரு சாப்பிடாமப் போயிருப்பாரு."

"நம்ம வீட்டுக்கு வந்துட்டு எவம் சாப்பிடாமப் போயிருக்காம்?"

நான் மேல்கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஏ.சி. ஓடாத அறையில் போர்வை. இப்போதே இறங்கிச் சொல்லிவிடு என்று மனசு சொல்கிறது, கால் இறங்கவில்லை. தினமும் இதே சண்டை. அவர் வீட்டை ஓடு பிரித்துத் தேடச் சொல்கிறார், அக்கா உப்பு டப்பா வரைக்கும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன் என்கிறார். தை வந்து போய்விட்டது. கடை திறக்கவில்லை. காத்திருந்த பெண்களில் இரண்டு பேர் மறுபடி பீடி சுற்றப் போய்விட்டார்கள். கடைசியில் அண்ணாச்சி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஃபைலு பொய் சொல்ல மாட்டாம் டி!"

"அப்ப நான் சொல்லுதேனா?" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "இருவத்திரண்டு வருசம் குடும்பம் பண்ணுன என்னைவிட, கண்ணால பாக்காத அந்த ஃபைலு ஒசத்தியாப் போயிட்டாருல்லா? இனிமே அவருகிட்டயே பேசுங்க."

போன் அணைந்தது. அதன்பிறகு எடுக்கவே இல்லை. காலையில் மோடம் கத்துவதும் நின்றது. ஆறு பேரும் டூட்டிக்கு லேட். லிஃப்டில் என்னோடு ஏறினார், மூன்றாவது மாடியில் இறங்கினார், நாலு கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூட இணைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாஸ்போர்ட் நகல் எடுக்க அன்று பெட்டியை இழுத்தேன். எங்கள் பெட்டிகள் எல்லாம் கீழ்க்கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் கொக்கி. சீட்டு கூடக் கலையவில்லை: பத்தொன்பதில் பதினொன்று. இந்தியா போய், இரண்டு கல்யாணம் பார்த்து, திரும்பி வந்திருக்கிறது. எந்தப் பாக்கெட்டுக்காக அந்த மனுஷன் பெண்டாட்டியோடு சண்டை போட்டாரோ, அந்தப் பாக்கெட்டுக்கு ஓரடி மேலேதான் ஒன்றரை மாதமாகப் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

நேரே பஷீர் காக்காவின் கடைக்கு ஓடினேன். அவர் அடுத்த மாதம் லீவில் போவதாக இருந்தார். "காக்கா, இதைச் சத்தமில்லாம அந்த வீட்டுல சேர்த்துடுங்க."

காக்கா துணி கிழிப்பதை நிறுத்தினார். "சேர்த்தா என்ன ஆகும் தம்பி? 'பாத்தியா, வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கு'ன்னு அண்ணாச்சி சொல்லுவாரு. அந்தப் பொம்பளை சாகுற வரைக்கும் பொய்க்காரி. கொக்கி சேர்ந்துரும். அது பத்துமா?"

"நான் சொன்னா என்னை அடிப்பாரே காக்கா."

"அடிக்கட்டும். வாங்கிக்கங்க."

வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்திருந்த நேரம். மேல்கட்டிலிலிருந்து இறங்கி அவர் எதிரே நின்றேன். "அண்ணாச்சி, நான்..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வே, ரெண்டே வார்த்தையில படுத்துட்டீரு? மறுக்கா அடியும்."

நான் கையை விரித்தேன். கொக்கி, சீட்டு, எல்லாம் இருந்தது. அவர் அதையே பார்த்தார். காக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கன கெடந்துச்சு?"

"உங்க கட்டிலுக்குக் கீழ... என் பெட்டியில... நான் உங்க வீட்டுக்குப் போகவே இல்லை அண்ணாச்சி. பொய் சொல்லிட்டேன்."

தலையணையை எடுத்து என் மேல் எறிந்தார். அடுத்து காக்காவின் தலையணை. அடுத்து எறிய ஒன்றும் கிடைக்காமல் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அந்த அமெரிக்காக்காரன் என்ன யோசிச்சுக் கட்டுனாம் தெரியுமா வே? நடுவுல எவனாவது சொதப்புவாம். எதையும் நம்பாத. போய்ச் சேர்ந்த எடத்துல கேளு. அங்க இருந்து வந்துச்சுன்னு சொன்னாத்தாம் வந்துச்சு. இதைத்தான வே நான் ஊரு பூரா சொல்லிட்டு அலையுதேன்!" என் கையிலிருந்த சீட்டைக் காட்டினார். "போய்ச் சேர்ந்த எடத்துல இருந்து அவ சொன்னா, வரலை வரலைன்னு. நான் உம்ம பேச்சைக் கேட்டுக்கிட்டு அவளை..."

கைலியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் போட்டார். எடுக்கவில்லை. "உம்ம போனைக் கொடும்" என்று வாங்கிப் போட்டு, என் காதிலேயே வைத்தார்.

"அக்கா, நான்தான் ஃபைலு. நீங்க சொன்னதுதான் உண்மை. நான் வரவே இல்லை. பாக்கெட் என்கிட்டதான் இருக்கு. என்னை மன்னிச்சிருங்க."

"உங்க குரலே எனக்குப் புதுசா இருக்குண்ணே. வந்திருந்தா பழகியிருக்கும்லா?" என்றார் அக்கா. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "அவுக பக்கத்துல இருக்காவளா? ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். இன்டர்நெட்டின் முழு வரலாறும் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"இங்க பாருங்க. அந்தப் பதினொண்ணை இனிமே ஒருத்தர்கிட்டயும் கொடுத்து விடாதீங்க. நீங்களே கொண்டாங்க."

நாலு வருடத்து லீவு பாக்கி. பதினைந்தாம் நாள் கிளம்பினார். கொக்கியைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஊக்கால் குத்தியிருந்தார். ஏர்போர்ட்டில் என்னிடம், "பெட்டியில எடைக்கு இன்னும் இடம் இருக்கு, எதுவும் கொடுத்து விடணுமா வே?" என்று கேட்டார். அப்படியே காலில் விழலாமா என்று இருந்தது.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். முதலில் கீ... ங்ங்... கர்ர்ர் என்று அண்ணாச்சி. அதன்மேல் ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தம். பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். அறையில் ஸ்பீக்கரில் போட்டோம். காக்கா அதை நாலு தடவை போடச் சொன்னார்.

அண்ணாச்சி திரும்பி வரவே இல்லை. விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு, வடிவக்கா கடையில் துணி வெட்டுகிறாராம். நைட்டி வாங்க வருகிற பெண்களுக்கு எல்லு, ஓ கதையைச் சொல்லி அனுப்புவதாகக் கேள்வி. அவர் கட்டிலுக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல பையன்தான். எந்நேரமும் இன்டர்நெட்டில் இருக்கிறான், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்து ஒரு கவர் கொடுத்தார். உள்ளே நீலத் துணியில், தைக்காத ஒரு சட்டையின் முதுகு. சீட்டு: நான்கில் ஒன்று. பத்து நாள் கழித்து நாகர்கோவில்காரர் ஒருவர் முன்பக்கத்தைக் கொண்டுவந்தார், காலரோடு. அதற்கடுத்த வாரம், பக்கத்து அஜ்மானில் வேலை பார்க்கும் ஒருவர் இடது கையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்து அவ்வளவு நேர்த்தி. காக்கா தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல துணி" என்றார்.

வலது கை வரவில்லை. இந்த முறை நான் பொய் சொல்வதாக இல்லை. போன் போட்டேன். "அண்ணாச்சி, மூணு வந்துச்சு. நாலாவது வரலை. எவனோ தொலைச்சுட்டான், மறுக்கா அனுப்புங்க."

"வராது வே. அதை நான் அனுப்பவே இல்ல" என்றார் அண்ணாச்சி. "கை இங்கதாம் இருக்கு. வந்து போட்டுப் பாத்துட்டு, சேத்துத் தச்சுக்கிட்டுப் போம். ஒம்ம அக்கா அந்தப் பத்தொம்பதாவது தோசையை இன்னும் கணக்குலயே வச்சிருக்கா."

அடுத்த மாதம் எனக்கு லீவு. டிக்கெட் எடுத்துவிட்டேன், திருச்சிக்கு அல்ல, திருவனந்தபுரத்துக்கு. முதலில் திசையன்விளை, அதற்குப் பிறகுதான் அறந்தாங்கி. என் வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.